குதிகாலின் முதல் சூடு: சாந்தியாகோ வழியில் என் கால்கள் கற்றவை

வடக்கு ஸ்பெயினில் நாஹெரா என்றொரு சிற்றூர் இருக்கிறது. அதன் நடுவே ஓடும் நாஹெரியா ஆற்றின் கரையில் அமர்ந்து, வீங்கிச் சிவந்திருந்த வலது காலைத் தண்ணீரில் நனைத்த துண்டால் சுற்றிக்கொண்டிருந்தபோதுதான் என் முதல் காமினோ (ஸ்பானிய மொழியில் 'வழி'; சாந்தியாகோ யாத்திரைப் பாதைக்கு வழங்கும் பெயர்) முடிந்துவிட்டது என்பதை ஒப்புக்கொண்டேன். பிரான்சின் எல்லையூரான சேன் ழான் பியே தெ போரில் தொடங்கி, சாந்தியாகோ தெ கொம்போஸ்தேலாவிலுள்ள புனித யாக்கோபின் பேராலயம் வரை ஏறத்தாழ 780 கிலோமீட்டர் நடக்க வேண்டிய பாதை அது. நான் நடந்திருந்தது அதில் நான்கில் ஒரு பங்குதான். மூன்று ஆண்டுகள் கழித்து மீண்டும் சேன் ழானிலிருந்தே தொடங்கி, 38 நாட்களில் முழுப் பாதையையும் நடந்து முடித்தேன். இந்த இரண்டு பயணங்களுக்கும் இடையே என் உடல் வலிமை கூடவில்லை, வயதுதான் கூடியிருந்தது. மாறியது ஒன்றே ஒன்று: வலி சிறிதாக இருக்கும்போதே நிற்கக் கற்றுக்கொண்டிருந்தேன். நெடுந்தூரப் பாதயாத்திரைக்குத் தயாராகும் எவருக்கும் நான் சொல்ல விரும்புவது பெரும்பாலும் அதைச் சுற்றியே அமையும்.

முதல் பயணத்தில் நடந்ததைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இரண்டாம் நாள், ரொன்செஸ்வாயெஸிலிருந்து சுபிரிக்கு இறங்கும் வழியில் வலது குதிகாலில் இலேசான சூடு தெரிந்தது. அதை வலி என்று சொல்ல முடியாது; காலுறைக்குள் யாரோ வெதுவெதுப்பான நாணயம் ஒன்றை வைத்தது போன்ற உணர்வு, அவ்வளவுதான். எர்ரோ மேட்டிலிருந்து சுபிரி வரை பாதை செங்குத்தான பாறைப் பலகைகளின் மீது இறங்குகிறது. முன்னால் சென்றவர்களை விட்டுப் பிரிய மனமில்லாமல் நான் நிற்கவில்லை. மாலையில் அந்த இடம் கொப்புளமாகியிருந்தது. மறுநாள் கொப்புளம் தரையில் படாதபடி பாதத்தைச் சாய்த்து நடந்தேன். அப்படிச் சாய்த்து நடந்ததில் முன்கால் எலும்பை ஒட்டி ஓடும் தசைநாண் தன் வேலைக்கு மேல் வேலை செய்தது. நான்காம் நாள் பெர்தோன் மேட்டின் மறுபுறத்தில், உருளும் கூழாங்கற்கள் நிறைந்த இறக்கத்தில், அது முதன்முறையாகக் குத்தியது. வலிக்கிறதே என்று காலணியின் கயிற்றை இன்னும் இறுக்கிக் கட்டினேன். இறுக்கிய கயிறு வீங்கிய தசைநாணையே அழுத்தும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. ஏழாம் நாள் மாலை நாஹெராவை அடைந்தபோது, காலைத் தூக்கினால் உள்ளே மணல் உரசுவது போன்ற ஓசையை விரலால் தொட்டே உணர முடிந்தது. சுகாதார நிலையத்தில் பார்த்த மருத்துவர் இரண்டு வார ஓய்வு தேவை என்றார். அவ்வளவு நாட்கள் என் கையில் இல்லை. இரண்டாம் நாள் பத்து நிமிடம் நிற்காததன் விலை, ஏறத்தாழ 585 கிலோமீட்டர்.

எனவே பாதங்களைப் பற்றி முதலில் சொல்கிறேன். கொப்புளத்துக்குக் காரணங்கள் மூன்று: ஈரம், உரசல், வெப்பம். இவற்றுள் ஒன்றைக் குறைத்தாலும் மற்ற இரண்டின் கை தளர்ந்துவிடும். நாள் முழுவதும் சுமையோடு நடக்கும்போது பாதம் வீங்கி நீள்வதால், வழக்கமான அளவைவிட ஓர் அளவு பெரிய காலணியை வாங்க வேண்டும். அதையும் காலையில் அல்லாமல், கால் வீங்கியிருக்கும் மாலை நேரத்தில், நடக்கும்போது அணியவிருக்கும் காலுறையோடு போட்டுப் பார்த்து வாங்க வேண்டும். இறக்கத்தில் விரல்நுனி காலணியின் முனையில் இடித்தால், இரண்டு வாரத்தில் பெருவிரல் நகம் கறுத்துவிடும். இரண்டாம் பயணத்தில் கணுக்காலை மூடும் கனத்த தோல் காலணிகளை விட்டுவிட்டு, விரைவில் உலரக்கூடிய இலேசான மலைப்பாதை ஓட்டக் காலணிகளை அணிந்தேன். உயரமான காலணியே கணுக்காலுக்குக் காப்பு என்று வாதிடுவோரும் உண்டு. பனிக்காலத்தில் நடப்போருக்கு அது பொருந்தலாம். கோடையில் இந்தப் பாதையில் நடப்போருக்கு உலரும் காலணியே மேல் என்பது என் முடிவு. பருத்திக் காலுறை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால் அதைத் தொடவே வேண்டாம். மெல்லிய மெரினோ கம்பளிக் காலுறைகள் மூன்று இணை போதும்.

காலையில் புறப்படுவதற்கு முன் விரலிடுக்குகளிலும் குதிகாலிலும் வாஸ்லின் களிம்பைத் தடவுவேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், காலணியையும் காலுறையையும் கழற்றிப் பாதத்தைக் காற்றில் உலர விடுவேன். அந்த முதல் சூடு எங்கே தெரிந்தாலும், அடுத்த ஊர் அரைக் கிலோமீட்டரில் இருந்தாலும், பாதையோரத்திலேயே உட்கார்ந்து அந்த இடத்தைத் துடைத்து ஒட்டுத்துணியைச் சுருக்கமில்லாமல் ஒட்டுவேன். 38 நாட்களில் இப்படிப் பதினைந்து முறையாவது நின்றிருப்பேன். கொப்புளங்கள் இரண்டே வந்தன. இரண்டும் மழை நாட்களில்.

கொப்புளம் வந்துவிட்டால் என்ன செய்வது என்பதில் விடுதிகளில் ஆளுக்கொரு மருத்துவம் சொல்வார்கள். ஊசியில் நூல் கோத்துக் கொப்புளத்தின் ஊடே செலுத்தி, நூலை உள்ளேயே விட்டுவிடும் பழக்கம் அங்கே இன்னும் இருக்கிறது. நூல் நீரை வெளியேற்றும் என்பது உண்மைதான். அதே நூல் வழியாக அழுக்கும் கிருமியும் உள்ளே போகும் என்பதும் உண்மை. சிறிய கொப்புளத்தை உடைக்காமல் மூடிப் பாதுகாப்பதே நல்லது. நடக்கவே முடியாத அளவுக்குப் பெரிதானால், கைகளைக் கழுவி, கிருமிநாசினியில் துடைத்த ஊசியால் ஓரத்தில் மட்டும் துளையிட்டு நீரை வடித்து, மேல்தோலைப் பிய்க்காமல் தூய துணியால் மூட வேண்டும். மருந்துக் கடைகளில் கிடைக்கும் கம்பீட் போன்ற ஜெல் பட்டைகளை ஒட்டினால், அவை தாமாக உதிரும் வரை இழுக்கக் கூடாது. இழுத்தால் புதுத்தோலும் சேர்ந்து வந்துவிடும். சீழ் பிடித்த புண்ணின் மேல் அவற்றை ஒட்டவே கூடாது. ஸ்பெயினில் பச்சைச் சிலுவை விளக்கு எரியும் கடைதான் மருந்துக் கடை. கொப்புளத்துக்கு ஸ்பானிய மொழியில் 'ஆம்போயா' என்று பெயர். அந்த ஒரு சொல்லைச் சொல்லிக் காலைக் காட்டினால் போதும். அங்குள்ளவர்கள் நாள்தோறும் அதைப் பார்த்துப் பழகியவர்கள்.

அடுத்தது சுமை. முதுகுப்பையின் எடை உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது யாத்திரிகர் நடுவே வழங்கும் கணக்கு. என் எடை 64 கிலோ. முதல் பயணத்தில் என் பை 11 கிலோவைத் தாண்டியிருந்தது. அந்தக் கூடுதல் எடை முழுவதும் அச்சத்தால் சேர்ந்தது. மழை வந்தால் என்ன செய்வது, குளிர்ந்தால் என்ன செய்வது, கடை இல்லாவிட்டால் என்ன செய்வது என்று ஒவ்வொரு 'என்ன செய்வது'க்கும் ஒரு பொருள் பைக்குள் ஏறியிருந்தது. ஆனால் காமினோ காடு அல்ல. சில இடங்களைத் தவிர, ஐந்து முதல் பத்துக் கிலோமீட்டருக்கு ஓர் ஊர் வந்துவிடும். இரண்டாம் முறை தண்ணீர் நீங்கலாக 6 கிலோ 800 கிராமோடு புறப்பட்டேன். உடுத்தியது போக இன்னும் ஓர் உடை, ஒரு மெல்லிய கம்பளிச் சட்டை, பையையும் மூடும் மழைப்போர்வை, ஜூன் மாதத்துக்குப் போதுமான மெல்லிய படுக்கையுறை, குளியலுக்கும் துணிக்கும் சேர்த்து ஒரே சவர்க்காரம், விடுதியில் அணியச் செருப்பு, மருந்துப் பொதி. ஊர் சேர்ந்தவுடன் துவைப்பது முதல் கடமை. உலராத காலுறையை ஊக்கால் பையின் வெளிப்புறத்தில் மாட்டிக்கொண்டு மறுநாள் நடந்தால் பத்து மணிக்குள் காய்ந்துவிடும். பையின் எடை தோளில் அன்றி இடுப்பெலும்பில் அமர வேண்டும் என்பதால், முதலில் இடுப்புப் பட்டையைக் கட்டிவிட்டு, பிறகே தோள்பட்டைகளைச் சரி செய்ய வேண்டும்.

பையை ஊர்தியில் அடுத்த ஊருக்கு அனுப்பும் சேவை இப்போது பாதை முழுவதும் உண்டு. சுமக்காமல் நடப்பது யாத்திரையாகாது என்று சிலர் முகம் சுளிப்பதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அந்தக் கடுமையில் உடன்பாடு இல்லை. முதுகு வலியோடு எழுபது வயதைத் தாண்டிய ஒருவர் ஒவ்வொரு நாளும் வெறும் தண்ணீர்ப் புட்டியோடு நடந்து, ஒவ்வொரு தேவாலயத்திலும் நின்று வணங்கிச் சென்றதைப் பார்த்தேன். அவருடைய நடையில் எந்தக் குறையும் எனக்குத் தெரியவில்லை.

முதல் நாளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சேன் ழானிலிருந்து பிரனீஸ் மலையைக் கடந்து ரொன்செஸ்வாயெஸ் செல்லும் பாதை 25 கிலோமீட்டர்தான். ஆனால் அதில் ஏறத்தாழ 1,250 மீட்டர் உயரம் ஏறி, லெபோதெர் கணவாயைக் கடந்து, பிறகு இறங்க வேண்டும். பயணம் முழுவதிலும் மிகக் கடினமான நாள்களில் ஒன்று, உடல் எதற்கும் பழகியிராத முதல் நாளிலேயே வந்துவிடுகிறது. எட்டுக் கிலோமீட்டரில் ஓரிஸோன் என்னுமிடத்தில் மலைவிடுதி ஒன்று உள்ளது. முன்பதிவு கிடைத்தால் முதல் இரவை அங்கே கழித்து மலையை இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்வது நல்லது. இரண்டாம் முறை நான் அப்படித்தான் செய்தேன். கணவாயிலிருந்து ரொன்செஸ்வாயெஸுக்கு இரண்டு வழிகள் உண்டு. பீச் மரக் காட்டின் ஊடே செங்குத்தாக இறங்கும் குறுக்கு வழி முழங்காலைச் சோதிக்கும். இபான்யெத்தா கணவாய் வழியாகச் சுற்றிவரும் வழி மெல்ல இறங்கும். மழை பெய்தால் இரண்டாவதே சரி. நவம்பர் முதல் மார்ச் இறுதி வரை இந்த உயர்ந்த மலைப்பாதையை நவார்ரா மாநில அரசு மூடிவிடுகிறது. அப்போது வால்கார்லோஸ் பள்ளத்தாக்கு வழியாகத்தான் செல்ல வேண்டும். மூடியிருக்கும்போது மேலே போனவர்களை மீட்புக் குழுக்கள் பனியிலிருந்து தூக்கி வந்த நிகழ்வுகள் உண்டு என்பதால், இதில் துணிச்சலுக்கு இடமே இல்லை.

ஏற்றத்துக்கு அஞ்சுவோரே மிகுதி. என் அனுபவத்தில் யாத்திரிகரை முடக்குவது இறக்கம்தான். ஏறும்போது மூச்சு வாங்கும், நின்றால் சரியாகிவிடும். இறங்கும்போது ஒவ்வோர் அடியிலும் உடலின் எடையும் பையின் எடையும் முழங்காலில் விழுகின்றன, ஆனால் மூச்சு வாங்காததால் நாம் வேகத்தைக் குறைப்பதில்லை. ஃபோன்செபதோனைக் கடந்து, ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், மரக்கம்பத்தின் உச்சியில் ஓர் இரும்புச் சிலுவை நிற்கிறது. யாத்திரிகர்கள் தம் ஊரிலிருந்து கொண்டுவந்த கல்லை அதன் அடியில் வைத்துவிட்டுப் போவார்கள். அங்கே மனம் இளகி நின்றவர்கள், அடுத்த சில மணி நேரத்தில் எல் அசெபோ வழியாக மோலினசேகாவுக்கு ஏறத்தாழ 900 மீட்டர் இறங்க வேண்டும். அந்த ஊரின் ஆற்றில் மாலைதோறும் முழங்காலைக் குளிர வைத்துக்கொண்டு ஒரு கூட்டமே உட்கார்ந்திருக்கும். ஊன்றுகோல் இரண்டை எடுத்துச் செல்லுங்கள். இறக்கத்தில் அவற்றை ஒரு சாண் நீட்டி வைத்துக்கொண்டு, அடியைச் சிறிதாக்கி, முழங்காலைச் சற்றே மடக்கியபடி இறங்குங்கள். விமானத்தில் அவற்றைக் கைப்பையோடு கொண்டுபோக விடமாட்டார்கள் என்பதால், அனுப்பும் பெட்டியில் வைக்க வேண்டும், அல்லது தொடங்கும் ஊரில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஒரு நாளில் எவ்வளவு நடக்கலாம் என்பதற்கு என் விடை: முதல் வாரத்தில் உங்களால் முடிந்ததைவிட ஐந்து கிலோமீட்டர் குறைவாக. தசை ஒரு வாரத்தில் பழகிவிடும். தசைநாணும் மூட்டும் பழக இன்னும் நெடுநாள் வேண்டும். பத்தாம் நாள் வரும் உற்சாகத்தை நம்பித் தொலைவைக் கூட்டியவர்கள் பலரைப் புர்கோஸ் நகரின் மருந்துக் கடை வரிசையில் பார்க்கலாம். நான் முதல் ஏழு நாள் 20 கிலோமீட்டரைத் தாண்டவில்லை. புர்கோஸ், லெயோன் ஆகிய நகரங்களிலும் இறுதியில் சாரியா என்னும் ஊருக்கு முன்னும் ஒவ்வொரு நாள் முழு ஓய்வு எடுத்தேன்.

புர்கோஸுக்கும் லெயோனுக்கும் இடையே ஏறத்தாழ 180 கிலோமீட்டருக்கு மெசேத்தா என்னும் மேட்டுச் சமவெளி நீண்டு கிடக்கிறது. கோதுமை வயல், வானம், நேர்கோடாகப் போகும் வெள்ளைப் பாதை. இவை தவிர வேறொன்றும் இல்லை. சலிப்பாக இருக்கும் என்று சொல்லிப் பலர் பேருந்தில் ஏறி இதைத் தாண்டிவிடுகிறார்கள். எனக்கோ பாதையின் உயிரே அங்கேதான் இருந்தது. பார்ப்பதற்கு ஒன்றும் இல்லாதபோதுதான் என் காலடி ஓசையையும் மூச்சையும் முதன்முதலாக ஒழுங்காகக் கேட்டேன். பதினான்கு நாட்களாக மனத்தில் ஓடிக்கொண்டிருந்த அலுவலகக் கணக்குகள் கஸ்த்ரோஹெரிஸ் ஊரைத் தாண்டிய ஒரு காலையில் நின்றுபோயிருந்தன. எப்போது நின்றன என்று எனக்கே தெரியவில்லை.

ஆனால் மெசேத்தாவில் வெயிலோடு விளையாட முடியாது. நாம் எப்போதும் மேற்கு நோக்கி நடப்பதால், காலையில் நம் நிழல் நமக்கு முன்னால் நீண்டு போகும். முதுகும் பின்கழுத்தும் காயும். நடுப்பகலில் வெயில் தெற்கிலிருந்து, அதாவது இடப்பக்கத்தில் விழும். இதனால் இடது கெண்டைக்கால், இடது காது, இடது முழங்கை மட்டும் வெந்திருப்பதைப் பலரிடம் பார்க்கலாம். கழுத்தை மூடும் தொப்பியும் முழுக்கைச் சட்டையும் களிம்பைவிடப் பயன் தரும். கர்ரியோன் தெ லோஸ் கோந்தெஸ் ஊரிலிருந்து கல்சாதில்யா தெ லா குவேசா வரை 17 கிலோமீட்டருக்கு ஊரே இல்லை. பழைய ரோமானியச் சாலையின் மேல் செல்லும் அந்த நேர்வழியில் நிழலும் மிகக் குறைவு. இரண்டு லிட்டர் தண்ணீரோடும் கையில் உணவோடும் விடியுமுன் புறப்பட வேண்டும். மற்ற இடங்களில் ஊர்தோறும் நீரூற்றுக் குழாய் உண்டு. 'நோ பொத்தாப்லே' என்று எழுதியிருந்தால் குடிக்கக் கூடாது.

தண்ணீரைப் பற்றிய எச்சரிக்கை இப்பாதையில் புதிதன்று. 12-ஆம் நூற்றாண்டில் இலத்தீனில் எழுதப்பட்ட வழிகாட்டி ஒன்று, எந்த ஆற்று நீர் நல்லது, எது நஞ்சு என்று வரிசையாகச் சொல்கிறது. லோர்கா அருகே ஓடும் உப்பாற்றின் கரையில் கத்தி தீட்டிக்கொண்டிருந்த இருவர் 'இந்த நீர் நல்லது' என்று சொன்னதை நம்பிக் குதிரைகளுக்குக் குடிக்கக் கொடுத்ததாகவும், இரண்டு குதிரைகள் உடனே இறந்ததாகவும், கத்திக்காரர்கள் அங்கேயே அவற்றின் தோலை உரித்ததாகவும் அதை எழுதியவர் சினத்தோடு பதிவு செய்திருக்கிறார். எட்டு நூற்றாண்டுக்கு மேல் கடந்து, அதே சிற்றாற்றின் பாலத்தில் நின்று புட்டியைத் திறந்தபோது, பின்னால் வருவோரைக் காக்க வேண்டும் என்று நினைத்த அந்த மனிதர் எனக்கு மிக நெருங்கியவராகத் தோன்றினார். இந்தப் பாதையே அத்தகைய அக்கறையால் ஆனது. இன்று நம்மை வழிநடத்தும் மஞ்சள் அம்புகளை 1984-இல் வண்ணமும் தூரிகையுமாக வரையத் தொடங்கியவர், ஓ செப்ரெய்ரோ மலையூரின் பங்குத்தந்தை எலியாஸ் வலின்யா சம்பெத்ரோ. 1989-இல் அவர் மறைந்தார். 1993-இல் இப்பாதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. இரவு முடியாத காலையில், கிளைபிரியும் இடத்தில் நின்று, கைவிளக்கின் ஒளியில் ஒரு மரத்தடியில் மஞ்சள் அம்பைக் கண்டால், வரைந்த கைக்கு நன்றி சொல்லாமல் கடக்க முடியாது.

ஆல்பெர்கே எனப்படும் யாத்திரிகர் விடுதிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 'கிரெதென்சியால்' என்னும் யாத்திரிகர் அட்டை இருந்தால்தான் அங்கே இடம். ஒவ்வொரு விடுதியிலும் அதில் முத்திரை இடுவார்கள். நகராட்சி விடுதிகளில் பொதுவாக முன்பதிவு இல்லை, ஓர் இரவுதான் தங்கலாம், இரவு பத்து மணிக்கு விளக்கு அணையும், காலை எட்டு மணிக்குள் வெளியேற வேண்டும். குறட்டை ஓசைக்குக் காதடைப்பான் கட்டாயம். விடியுமுன் கிளம்புவோர் இரவே பையைக் கட்டி வைத்துவிட்டு, அறைக்கு வெளியே சென்று காலணி அணிவது மற்றவர்களுக்குச் செய்யும் பெரும் உதவி. நெகிழிப் பைகளின் சரசரப்பு முப்பது பேரை எழுப்பிவிடும். மெத்தையின் ஓரத் தையல்களில் மூட்டைப்பூச்சி உள்ளதா என்று பார்த்த பிறகே பையை இறக்குங்கள், பையை ஒருபோதும் படுக்கையின் மேல் வைக்காதீர்கள். வழிகாட்டிகள் குறிப்பிடும் ஊர்களில் எல்லோரும் ஒருசேர வந்து இறங்குவதால் இடம் கிடைப்பது அரிது. அவற்றுக்கு நான்கைந்து கிலோமீட்டர் முன்போ பின்போ உள்ள சிற்றூரில் தங்கினால் அமைதியும் கிடைக்கும், நல்ல உறக்கமும் கிடைக்கும்.

மரக்கறி மட்டும் உண்போர் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: இறைச்சி வேண்டாம் என்று சொன்னால் மீன் வரும், கலவைக் காய்கறித் தட்டிலும் சூரை மீன் இருக்கும். 'சின் கார்னே நி பெஸ்காதோ' என்று இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிற்பகல் இரண்டு முதல் ஐந்து வரை பல கடைகள் மூடியிருக்கும். ஞாயிறு அன்று பல ஊர்களில் நாள் முழுவதும் மூடியிருக்கும். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்போர் ஷெங்கன் விசாவில்தான் செல்ல வேண்டும். நடையின் பெரும்பகுதி ஸ்பெயினில் என்பதால், பிரான்சில் தொடங்கினாலும் ஸ்பெயினுக்கே விண்ணப்பிக்க வேண்டும். ஓய்வு நாட்களுக்கும் எதிர்பாராத நாட்களுக்கும் இடம் விட்டு விசா நாட்களைக் கேளுங்கள். முதல் முறை என்னிடம் அந்த இடைவெளி இல்லாததுதான் நாஹெராவில் என்னைத் திருப்பி அனுப்பியது.

சாரியாவில் பாதையின் முகம் மாறிவிடுகிறது. நடந்து வந்ததற்கான 'கொம்போஸ்தேலா' சான்றிதழைப் பெறக் குறைந்தது 100 கிலோமீட்டர் நடந்திருக்க வேண்டும் என்பது விதி. சாந்தியாகோவிலிருந்து அந்தத் தொலைவுக்குச் சற்று முன்னால் உள்ள ஊர் அது என்பதால், அங்கிருந்து மாணவர் கூட்டங்களும் குடும்பங்களும் திரளாகச் சேர்கின்றன. இந்தப் பகுதியில் நாளுக்கு இரண்டு முத்திரையாவது வாங்க வேண்டும். 650 கிலோமீட்டர் தாண்டி வந்தவர்களுக்குப் புதியவர்களின் ஆரவாரம் முதலில் எரிச்சலூட்டும், எனக்கும் ஊட்டியது. மறுநாள் போர்த்தோமரின் அருகே, புதிய காலணியைக் கழற்றிக் குதிகாலைத் தடவிக்கொண்டிருந்த ஓர் இளம்பெண்ணைப் பார்த்ததும் அது போய்விட்டது. உட்கார்ந்து, துடைத்து, ஒட்டுத்துணியை எப்படி வெட்டி ஒட்டுவது என்று காட்டினேன். அவளுக்கு நேரமாகிவிட்டது, தோழிகள் முன்னால் போய்விட்டார்கள். அவர்கள் அடுத்த ஊரில் காப்பி குடித்துக்கொண்டிருப்பார்கள் என்று சொன்னேன். அப்படியே இருந்தார்கள்.

கடைசி நாள் காலை மோன்தே தோ கோசோ குன்றிலிருந்து பேராலயத்தின் கோபுரங்களைப் பார்த்தேன். அங்கிருந்து ஐந்து கிலோமீட்டர்தான். நகரத்துக்குள் நுழைந்து, பழைய வீதிகளை நெருங்கியபோது, இடது காலணிக்குள் ஒரு சிறு கல் உறுத்தியது. பேராலயம் பத்து நிமிட நடையில் இருந்தது. முன்னால் பாட்டுப் பாடிக்கொண்டு ஒரு கூட்டம் போய்க்கொண்டிருந்தது. ஒரு வீட்டு வாசற்படியில் பையை இறக்கி வைத்து, உட்கார்ந்து, கயிற்றை முழுவதுமாகத் தளர்த்தி, கல்லை எடுத்து, காலுறையின் சுருக்கத்தை நீவிவிட்டு, மீண்டும் கட்டிக்கொண்டேன். கூட்டத்தின் பாட்டு வளைவைத் தாண்டிப் போய்விட்டது. நான் எழுந்து நடந்தேன்.